லிஸ்பன் – ஹெல்சிங்கி: போக ஆறரை மணி நேரம், திரும்ப மூன்று மணி கூட இல்லையா?

தேஜோக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். லிஸ்பனில் படிக்கிறேன், அக்கா குடும்பம் ஹெல்சிங்கியை ஒட்டி எஸ்போவில் இருக்கிறது. ஜூனில் பரீட்சை முடிந்ததும் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று டிக்கெட் பார்க்க உட்கார்ந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

நேரடி விமானம் ஒன்று பகல் 12:20க்குக் கிளம்பி 18:55க்கு இறங்குகிறது. அதாவது ஆறரை மணிக்கு மேல். அதே டிக்கெட்டில் திரும்பி வருவது காலை 07:40க்குக் கிளம்பி 10:30க்கே லிஸ்பன் வந்துவிடுகிறது, மூன்று மணி கூட ஆகவில்லை. அறை நண்பன் காற்று என்கிறான், இன்னொருவன் பூமி சுற்றுவதால் என்கிறான். இவ்வளவு வித்தியாசமா வரும்?

தூரமும் அப்படித்தான். ஒரு தளத்தில் 3,365, இன்னொன்றில் 2,091, வேறொன்றில் 1,817 என்று இருக்கிறது. வரைபடத்தில் கார் வழி போட்டால் 4,000 கிலோமீட்டருக்கு மேல் காட்டுகிறது. இதில் எது உண்மையான தூரம்?

அப்புறம் ஆம்ஸ்டர்டாமில் மாறிப் போனால் 60 யூரோ குறைகிறது, இஸ்தான்புல் வழியாக இன்னும் கொஞ்சம் குறைகிறது. சுற்றிப் போவதால் எவ்வளவு கூடும்? ரயிலில் போக முடியுமா என்றும் ஓர் ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேகத்துக்குமேலே:

முதலில் நேரம். டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். பின்லாந்து போர்த்துகலை விட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் போகும்போது கணக்கில் வரும் 6:35இல் இரண்டைக் கழியுங்கள், 4:35. வரும்போது 2:50உடன் இரண்டைக் கூட்டுங்கள், 4:50. வித்தியாசம் கால் மணி நேரம்தான். கோடை நேரம், குளிர்கால நேரம் மாற்றுவதும் இரண்டு நாட்டிலும் ஒரே கணத்தில் நடக்கிறது, ஆகவே வருஷம் முழுக்க அந்த இரண்டு மணி மாறாது. (1992இலிருந்து 1996 வரை போர்த்துகல் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறிப் பார்த்தது. குளிர்காலக் காலையில் விடியவே நேரமாகிறது என்று ஜனங்கள் சலித்துப்போய்ப் பழையபடி திரும்பிவிட்டார்கள். அது நீடித்திருந்தால் உங்களுக்கு ஒரு மணி நேரத்துக் குழப்பம் மட்டும்தான் வந்திருக்கும்.)

அந்தக் கால் மணி நேரத்துக்குக் காரணம் காற்று. உங்கள் அறை நண்பன் பாதி சரி. விமானம் பறக்கும் உயரத்தில், அதாவது பத்துப் பதினோரு கிலோமீட்டர் மேலே, ஐரோப்பாவில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும். ஏ320 வகை விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து மணிக்கு 830 கிலோமீட்டர் போகிறது என்று வையுங்கள். பின்காற்று 30 கிலோமீட்டர் என்றால் தரைக் கணக்கில் 860, எதிர்க்காற்றானால் 800. குளிர்காலத்தில் ஜெட் ஸ்ட்ரீம் (அந்த உயரத்தில் ஆறு போல வேகமாக ஓடும் காற்று) பலமாக இருக்கும் நாளில் இந்த வித்தியாசம் அரை மணியையும் தாண்டும், ஜூனில் அவ்வளவு இருக்காது.

பூமி சுற்றுவதால் என்று சொன்ன நண்பருக்கு: பூமி சுற்றும்போது காற்று மண்டலமும் அதனுடனேயே சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. அவர் சொல்கிறபடி நடந்தால் லிஸ்பனுக்கு மேலே எழும்பி நின்றாலே போதும், ஒரு மணி நேரத்தில் அட்லாண்டிக் நடுவில் இருப்பீர்கள்.

தூரத்துக்கு வருவோம். 3,365 கிலோமீட்டர், 2,091 மைல், 1,817 கடல் மைல், மூன்றும் ஒன்றேதான். விமானத் துறையில் கடல் மைல் (1.852 கி.மீ.), அமெரிக்கத் தளங்களில் சாதாரண மைல், நமக்குக் கிலோமீட்டர். அலகைப் போடாமல் எண்ணை மட்டும் போடுகிற தளங்களை என்ன சொல்ல.

இந்த 3,365 என்பது உருண்டையான பூமியின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோடு. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் ஸ்பெயினின் சலமாங்கா பக்கம் தொட்டு, நடு பிரான்ஸ், ஜெர்மனி என்று போகும். உண்மையான குறுகிய கோடு அதற்கு வடக்கே வளைகிறது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ், பிஸ்கே விரிகுடா, பிரான்சின் மேற்குக் கரை, பாரிசுக்குச் சற்று மேற்கே, பிரஸ்ஸல்ஸ் பக்கம், நெதர்லாந்து, ஜெர்மனியின் வட கோடி, டென்மார்க் தீவுகள், ஸ்வீடனின் தென்கிழக்குக் கரை, பால்டிக் கடல், ஹெல்சிங்கி. சரியாகப் பாதித் தூரம் எங்கே வருகிறது தெரியுமா, பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு பக்கமாக. இரண்டு கோடுகளும் சில இடங்களில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போனாலும் நீளத்தில் வித்தியாசம் முப்பது கிலோமீட்டர் சுற்றித்தான். அட்லாண்டிக், பசிபிக் கடக்கும் விமானங்களுக்கு இந்த வளைவு பெரிய லாபம், ஐரோப்பாவுக்குள் அவ்வளவாக இல்லை.

நிஜத்தில் விமானம் இந்தக் கோட்டிலேயே போகாது. ராணுவப் பகுதிகள், நெரிசல், இறங்கும் ஓடுபாதையின் திசை, காற்று எங்கே சாதகம் என்பது, எல்லாம் பார்த்துத்தான் பாதை போடுவார்கள். பிரான்சில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிற நாளில் உங்கள் விமானம் கடல் மேலே ஒதுங்கிப் போகும், இல்லையென்றால் தாமதமாகக் கிளம்பும். ஒரு நல்ல விஷயம், குறிக்கப்பட்ட வான்பாதைகளை விட்டுவிட்டு நேராகப் பறக்க விடுவதை ஐரோப்பாவில் முதலில் ஆரம்பித்தவர்களில் போர்த்துகல் ஒன்று, 2009இலேயே.

கடைசியாக, 3,365ஐ 830ஆல் வகுத்தால் நாலு மணி நேரம் மூன்று நிமிடம்தான் வருகிறதே என்று கேட்பீர்கள். டிக்கெட் நேரம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அந்தப் பக்கம் வாசலில் நிற்கும் வரை. தரையில் ஊர்வது, ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகப் போவது, கொஞ்சம் தாமதமானாலும் நேரத்துக்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்ள நிறுவனங்கள் வைக்கும் உபரி நிமிடங்கள், எல்லாம் சேர்ந்து அந்த அரை மணி.

சிக்கனசாமி:

இவ்வளவு விளக்கத்துக்குப் பிறகு என் ஒரே கருத்து: மாணவருக்கு 60 யூரோ 60 யூரோதான். ஆம்ஸ்டர்டாம் எடுத்துக்கொள்ளுங்க தம்பி. அந்தக் காசில் பின்லாந்தில் நாலு வேளை சாப்பிடலாம், அங்கே ஹோட்டல் விலை பார்த்தால் தெரியும்.

மேகத்துக்குமேலே:

@சிக்கனசாமி தூரக் கணக்கில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஆம்ஸ்டர்டாம் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. லிஸ்பனிலிருந்து அங்கே சுமார் 1,847, அங்கிருந்து ஹெல்சிங்கி சுமார் 1,522. கூட்டினால் நேர்த் தூரத்தை விடப் பத்துக் கிலோமீட்டர் கூட அதிகமில்லை. பிராங்க்ஃபர்ட் வழியாக என்றால் ஐம்பது கிலோமீட்டர் போலக் கூடும். இஸ்தான்புல்தான் வேறு கதை. லிஸ்பனிலிருந்து இஸ்தான்புல் போவதே ஏறக்குறைய ஹெல்சிங்கி போகிற தூரம், 3,200. அங்கிருந்து வடக்கே இன்னொரு 2,100. மொத்தம் 5,300க்கு மேல். முக்கோணத்தின் இரண்டு பக்கத்தையும் நடந்துவிட்டுக் குறுக்கு வழி போனேன் என்று சொல்கிற மாதிரி.

ஆனால் நேரம் என்று வரும்போது ஆம்ஸ்டர்டாம் இலவசம் இல்லை. தூரம் கூடாவிட்டாலும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்க வேண்டும், நடுவே காத்திருக்க வேண்டும். நாலரை மணிப் பயணம் ஏழு மணி ஆகும், இணைப்பு சரியாக அமையாவிட்டால் ஒன்பது. ஒரே டிக்கெட்டாக வாங்கினால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் அவர்களே வேறு விமானத்தில் அனுப்ப வேண்டும். இரண்டு தனித்தனி மலிவு டிக்கெட்டுகளை நீங்களே ஒட்டவைத்தீர்கள் என்றால் தவறவிட்டது உங்கள் தலையில். 60 யூரோ மிச்சம் பிடிக்கப் போய் கடைசி நிமிட டிக்கெட்டுக்கு முந்நூறு கொடுத்தவர்கள் உண்டு.

பால்டிக்காற்று:

ஹெல்சிங்கியில் ஆறேழு வருஷமாக இருக்கிறேன். நாலரை மணி, ஏழு மணி என்று பேசுகிறீர்கள், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை பார்க்க வேண்டாமா?

லிஸ்பன் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, மெட்ரோவின் சிவப்புப் பாதை நேராகப் போகும், அது ஒரு வசதி. ஆனால் அந்த நிலையம் அதன் அளவுக்கு மீறிய கூட்டத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, ஜூனில் பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு நேரம் ஒதுக்குங்கள். மலிவு நிறுவனங்கள் பல இரண்டாவது முனையத்திலிருந்து கிளம்பும், மெட்ரோ நிற்பது முதல் முனையத்தில், நடுவே பேருந்து. டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இந்தப் பக்கம் விமான நிலையம் இருப்பது ஹெல்சிங்கியை ஒட்டிய வான்டாவில். 2015இலிருந்து வட்ட ரயில் ஓடுகிறது, ‘ஐ’ (I), ‘பி’ (P) என்று இரண்டு ரயில், எதிரெதிர்த் திசையில் சுற்றி வரும், எதில் ஏறினாலும் அரை மணியில் நகர மையம். ஆனால் உங்கள் அக்கா இருப்பது எஸ்போ. எஸ்போ என்றால் ஒரே இடம் இல்லை, பரந்து கிடக்கிற ஊர். லெப்பவாரா பக்கம் என்றால் ‘பி’ ரயிலில் ஏறி ஹூவோபலாஹ்தியில் மாறிக்கொள்வது சுலபம், நகர மையம் வரை போக வேண்டாம். மடின்கூலா, கிவென்லாஹ்தி பக்கம் என்றால் நகரத்துக்கு வந்து மெட்ரோ பிடியுங்கள். அக்காவிடம் முதலில் எந்த நிறுத்தம் என்று கேளுங்கள். நகர மையம் வரை போவதானால் டிக்கெட் எடுக்கும்போது ஏ, பி, சி (A, B, C) மண்டலம் மூன்றும் வருகிற மாதிரி எடுக்க வேண்டும், விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது.

18:55க்கு இறங்குவது பற்றிக் கவலையே வேண்டாம். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு பத்தே முக்கால் தாண்டும், நீங்கள் வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட்டு முடித்தாலும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் வந்தால் தலைகீழ், மாலை மூன்றே காலுக்கே இருட்டிவிடும், அதே 12:20 விமானத்தில் வழியில் கடைசிப் பகுதியை இருட்டில் பறப்பீர்கள்.

இன்னொன்று. இரண்டு நாடும் ஷெங்கன் என்கிற ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லைக் கூட்டில் இருக்கின்றன, எல்லைச் சோதனை இருக்காது. அதற்காகப் பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், வதிவிட அட்டையும் பாஸ்போர்ட்டும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். இஸ்தான்புல் வழியாகப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறித் திரும்ப நுழைவதாகக் கணக்கு. உங்களிடம் வதிவிட அட்டை இருப்பதால் பிரச்சினை இருக்காது. இதைப் படிக்கிற வேறு யாராவது ஒரு முறை மட்டும் நுழையும் விசாவில் சுற்றுலா வந்திருந்தால் அந்த மலிவு டிக்கெட்டைத் தொடாதீர்கள், திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

வழக்குமூலை:

தூரம் என்று பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன், இதில் பணமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி விமானம் கடைசி நேரத்தில் ரத்தானாலோ, மூன்று மணி அல்லது அதற்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலோ, தவறு நிறுவனத்துடையது என்றால் நஷ்டஈடு உண்டு. தொகை தூரத்தைப் பொறுத்தது: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள்ளேயே 1,500க்கு மேல் போகிற விமானத்துக்கு 400. லிஸ்பன் – ஹெல்சிங்கி 400இல் வரும். 3,500க்கு மேல் 600 என்று எங்காவது படித்திருப்பீர்கள், அது ஒன்றியத்துக்கு வெளியே போகும் வரும் விமானங்களுக்கு. ஹெல்சிங்கியிலிருந்து கனாரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் சுமார் 4,700 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் உட்கார வேண்டும், ஆனாலும் ஸ்பெயின் மண் என்பதால் 400தான்.

இணைப்பு விமானத்தில் போகிறவர்களுக்கு: பறந்த தூரத்தைக் கூட்டிக் கேட்க முடியாது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் மாறி ஹாம்பர்க் போன பயணிகள் வழக்கு ஒன்று இருக்கிறது. விமானங்கள் பறந்த வழி 1,656 கிலோமீட்டர், ரோமுக்கும் ஹாம்பர்க்குக்கும் நேர்த் தூரம் 1,326. 1,500ஐத் தாண்டுகிறதா இல்லையா என்பதுதான் சண்டை. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் புறப்பட்ட ஊருக்கும் போய்ச் சேரும் ஊருக்கும் உள்ள நேர்த் தூரமே கணக்கு என்று சொல்லிவிட்டது, 250தான் கிடைத்தது. உங்கள் விஷயத்தில் எப்படிப் போனாலும் 3,365, ஆகவே இந்தச் சிக்கல் இல்லை.

புயல், பனி, கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு நஷ்டஈடு கிடையாது. ஆனால் காத்திருக்கும்போது சாப்பாடு, இரவு தங்க வேண்டி வந்தால் அறை, இவற்றை அப்போதும் தர வேண்டும். கவுண்டரில் கேட்காதவருக்குப் பெரும்பாலும் தானாகத் தரமாட்டார்கள், கேளுங்கள்.

தண்டவாளன்:

ரயில் ஆசை என்ற ஒரு வரியை யாரும் கண்டுகொள்ளவில்லை, அதற்காகவே வந்தேன்.

முடியும். ஆனால் நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடி லிஸ்பனிலேயே விழும். லிஸ்பனிலிருந்து மாட்ரிட்டுக்கும் பிரெஞ்சு எல்லைக்கும் இரண்டு இரவு ரயில்கள் ஓடின, லூசிடானியா, சூட் எக்ஸ்பிரஸ். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள், அப்படியே நின்றுபோயிற்று. இரண்டு அண்டை நாட்டுத் தலைநகரங்களுக்கு நடுவே ஒரு நேரடி ரயில் இல்லை என்பதை ஐரோப்பா ரயில் கண்டம் என்று பெருமை பேசுகிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அதனால் எல்லையில் பதாஹோஸ் வரை உள்ளூர் ரயில்களில் மாறி மாறிப் போய் மாட்ரிட் பிடிக்க வேண்டும். அங்கிருந்து பார்சலோனா, பாரிஸ், கொலோன், ஹாம்பர்க், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம் வரை நல்ல ரயில்கள். ஸ்டாக்ஹோமிலிருந்து இரவுக் கப்பல். டுர்குவில் இறங்கி ரயில் பிடிக்கலாம், நேராக ஹெல்சிங்கிக்கே போகும் கப்பலும் உண்டு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தண்டவாள அகலம். போர்த்துகலிலும் ஸ்பெயினின் பழைய பாதைகளிலும் 1,668 மில்லிமீட்டர். நடுவே உள்ள நாடுகளில் 1,435. பின்லாந்தில் 1,524, ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த காலத்தில் போட்டது. இரண்டு முனையிலும் மற்றவர்களோடு ஒட்டாத பாதைகள், ஆகவே ஒரே பெட்டியில் உட்கார்ந்து போவது என்பது நடக்காத காரியம். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா வழியாகப் போலந்தோடு இணைக்க 1,435 அகலத்தில் ரயில் பால்டிகா என்று ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், 2030க்கு என்று இலக்கு. அது வந்தால் தாலின் வரை ரயில், பிறகு 80 கிலோமீட்டர் கடல், கப்பலில் இரண்டு மணி நேரம்.

காரில் 4,000க்கு மேல் என்று உங்களுக்குக் காட்டியதும் இந்தப் போலந்து, தாலின் வழியாக இருக்கும். ஜெர்மனியின் டிராவமூண்ட துறைமுகம் வரை ஓட்டிப்போய் அங்கிருந்து காரோடு கப்பலில் ஏறினால் ஓட்டும் தூரம் நன்றாகக் குறையும், கப்பல் சுமார் முப்பது மணி நேரம் எடுக்கும்.

செலவில் விமானத்தை ஜெயிக்கவே முடியாது, அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

தேஜோக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேரடி விமானமே போட்டுவிட்டேன், திரும்பி வருவதற்குப் பிராங்க்ஃபர்ட் வழி மலிவாக ஒரே டிக்கெட்டில் கிடைத்தது, நடுவே இரண்டு மணி நேரம். அக்கா இருப்பது லெப்பவாரா பக்கம்தானாம். ரயில் அண்ணா, படிப்பு முடிந்ததும் ஒருநாள் உங்கள் வழியில் போகிறேன்.

கடைசியாக ஒன்று. போகும்போது எந்தப் பக்கம் ஜன்னல் எடுக்கலாம்? இடது பக்கமா வலது பக்கமா?

மேகத்துக்குமேலே:

வடகிழக்காகப் போகிறீர்கள், பயணத்தின் பிற்பாதியில் வெயில் இடது பக்கம் பின்னாலிருந்து விழும். வலது பக்கம் எடுங்கள். மேகம் இல்லாவிட்டால் கிளம்பி இரண்டு மணி நேரத்துக்குள் பாரிஸ் அந்தப் பக்கம் வர வாய்ப்பு உண்டு. இறக்கைக்கு மேலே உள்ள வரிசை வேண்டாம், அங்கே உட்கார்ந்தால் இறக்கை மட்டும்தான் தெரியும்.

சிக்கனசாமி:

ஜன்னல் இருக்கைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், பார்த்துக்கொள்ளுங்க தம்பி.